ஊசி தேதி தவறினால் யார் தேடுவது? தோட்டப்புறச் சிற்றூர் ஒன்றின் மனநல நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், மனநோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவருக்கு 2022 முதல் 2025 வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவரும் அவருடைய தாயாரும் எழுதச் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் ஊரின் பெயரும் விடப்பட்டுள்ளன. நான் அங்கே இயங்கும் சிறிய தொண்டர் குழுவில் ஒருவன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். மருத்துவ முடிவுகள் அனைத்தும் மருத்துவர்கள் எடுத்தவை. அந்த முடிவுகள் வீட்டு வாசல் வரை வந்து சேர யார் யார் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

அவருக்கு அப்போது முப்பது வயது கடந்திருந்தது. பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா பால்மரம் (ரப்பர்) சீவியவர். மரத்தை அழித்துச் செம்பனை வைத்தபோது வெளிக்காட்டு வேலைக்கு மாறினார். பிறகு அந்த நிலமும் வீடமைப்புக்குக் கைமாறியது. குடும்பங்கள் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு நாலா பக்கமும் பிரிந்தன. அப்பா இறந்தபின் தாயும் மகனும் டவுனை ஒட்டிய மலிவு விலை வீடு ஒன்றில் வாடகைக்கு வந்தார்கள். அக்கா கல்யாணமாகிக் கிள்ளானில் இருக்கிறார். தாயார் பள்ளிக்கூடத் துப்புரவுப் பணியாளர், குத்தகை நிறுவனத்தின் கீழ். குறைந்தபட்சச் சம்பளம், ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு.

தோட்டத்து வாழ்க்கையை நான் மெச்சிப் பேசப்போவதில்லை. அங்கே மனநோய் வந்தவர்களை அறையில் பூட்டி வைத்த கதைகளும் எனக்குத் தெரியும். ஆனால் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓர் ஆள் வராவிட்டால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார். அக்கறையால் அல்ல, வேலை நிற்கும் என்பதால். இருந்தாலும் ஒருவர் மூன்று நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை என்றால் அது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இருக்கும் ஆயாவுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளரான டிரெசருக்கும் தெரிந்துவிடும். டவுன் வீட்டில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். வராதவரைத் தேடிப்போக யாருக்கும் காரணம் இல்லை.

அவர் ஜொகூரில் தொழிற்சாலை வேலை செய்தவர். 2020 மார்ச்சில் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, வேலை போய், ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டில் தூக்கம் குறைந்தது. பக்கத்து வீட்டுக் கண்காணிப்புக் கேமரா தன் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினார். குடும்பம் முதலில் சாமி பார்த்தது. தாயத்து, மந்திரித்த கயிறு, வேறு ஊர்ப் பூசாரி என்று ஓராண்டு ஓடியது. "டாக்டர்ட்ட போனா தஞ்சோங் ரம்புத்தான்னு எழுதிடுவாங்க, அப்புறம் இவனுக்கு யாரு பொண்ணு தருவா" என்பது தாயாரின் பயம். தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை 1911-இல் தொடங்கியது. நூறாண்டு கடந்தும் அந்த ஊரின் பெயரை நம்மவர்கள் வசைச்சொல்லாகவே வைத்திருக்கிறோம். ஒருவர் மருத்துவரைப் பார்க்க ஓராண்டு தாமதித்ததற்கு அந்த ஒரு சொல் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். மனப்பிறழ்வுக்குச் சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ, மீள்வது அவ்வளவு கடினமாகிறது.

2022-இல் ஒரு நள்ளிரவு அவர் கத்தியோடு தெருவில் நின்றார். யாரையும் தாக்கவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர் போலீசை அழைத்தார். தெருவே பார்க்க விலங்கு மாட்டி ஏற்றினார்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சில வாரங்கள் வைத்திருந்து, மாதம் ஒரு ஊசி என்று சொல்லி அனுப்பினார்கள். ஊசியை ஊரிலுள்ள சுகாதார கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). சிறப்பு மருத்துவரைப் பார்க்க மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போகவேண்டும்.

கவனித்தவை

2023 தொடக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை என்னை அழைத்தார். அந்த அம்மா வேலைக்கு வருவதில்லை. வந்தாலும் மத்தியானமே ஓடுகிறார் என்றார். நானும் குழுவில் உள்ள ஓர் அம்மையாரும் போனோம்.

முன்பக்க ஜன்னல் முழுவதும் பழைய நாளிதழ் ஒட்டியிருந்தது. ஓரங்களில்கூட வெளிச்சம் நுழையாதபடி இரண்டு மடிப்பு. அறை வாசலில் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது. மகன் உள்ளே நடந்துகொண்டே இருந்தார்; கால் தேயும் சத்தம் நிற்கவில்லை. தாயார் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து கிளினிக் அட்டையைக் காட்டினார். கடைசி ஊசி போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். "ஊசி போட்டா பிள்ள வெறப்பா ஆயிடுறான் ஐயா. எச்சி வடியுது. உக்கார முடியல, நிக்க முடியல. போடாம விட்டப்ப ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்தான்."

இந்தப் பதிலில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அவர் சொன்ன விறைப்பும் கால் தவிப்பும் நோய் அல்ல, மருந்தின் பக்கவிளைவு. அளவைக் குறைத்தோ, மாற்று மருந்து கொடுத்தோ, கூடவே ஒரு மாத்திரை சேர்த்தோ சரிசெய்யக் கூடியது. அதைத் தாயாருக்குத் தமிழில் யாரும் சொல்லியிருக்கவில்லை. இரண்டாவது, 'போடாமல் இருந்தும் நன்றாக இருந்தான்' என்பது. அவருக்குப் போட்ட ஃபுளூஃபெனசின் டெக்கனோவேட் எள்ளெண்ணெயில் கரைத்துத் தசையில் செலுத்தப்படும் மருந்து. வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். ஆகவே ஊசியை நிறுத்தியதும் நோய் வந்துவிடாது. முதலில் பக்கவிளைவு குறையும். ஆள் தெளிவாகத் தெரிவார். ஊசியே தேவையில்லை என்று வீடு முடிவுகட்டும். நோய் திரும்புவது அதற்குப் பிறகு, அந்த ஊசியோடு யாரும் முடிச்சுப்போடாத ஒரு மாதத்தில்.

கிளினிக் அவரைத் தேடாமல் இல்லை. அழைத்த எண் காலாவதியான பிரிபெய்ட் எண். கடிதம் போன முகவரி அவருடைய அடையாள அட்டையில் இருந்தது: பழைய தோட்டம், லயம், வீட்டு எண். அந்த லயத்தை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இல்லாத வீட்டுக்குக் கடிதம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இது இவர் ஒருவர் கதை அல்ல. தோட்டத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ குடும்பங்கள் அடையாள அட்டை முகவரியை மாற்றாமலே இருக்கின்றன.

முதல் முடிவுகள்

போலீசை அழைப்பதா என்ற கேள்வி உடனே எழுந்தது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று நம்பக் காரணம் இருந்தால் போலீஸ் அதிகாரியோ சமூகநலத்துறை அதிகாரியோ ஒருவரைப் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். அவர் அன்று யாரையும் மிரட்டவில்லை. முதல் தடவை விலங்கு மாட்டியதை அவர் மறக்கவில்லை. ஆகவே முதலில் கிளினிக் தாதி வீட்டுக்கு வரட்டும் என்று தீர்மானித்தோம். ஒரு நிபந்தனை வைத்தோம்: ஆயுதம் எடுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உதவி அழைப்பது.

சாவு என்ற சொல்லைக் கேட்டதும் தாயார் அழுதார். ஓராண்டுக்கு முன் மகன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதை அவர் மருத்துவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பயம் ஆதாரமற்றது அல்ல. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்போது இன்னும் இருந்தது. அதே ஆண்டு, 2023-இல், நாடாளுமன்றம் அதை நீக்கியது. மருத்துவருக்கு இது தெரியாமல் சரியான சிகிச்சை கிடைக்காது என்று எடுத்துச் சொன்னோம். சொல்லச் சம்மதித்தார்.

மறுநாள் வந்த மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் அழைப்போம்) செய்தது எனக்கு இன்றும் பாடம். குரல் கேட்கிறதா, யார் பேசுகிறார்கள் என்று எதையும் அவர் கேட்கவில்லை. அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "தம்பி, காலு ரொம்பத் தவிக்குதாமே? ராத்திரியிலயா பகல்லயா?" என்றார். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கதவு திறந்தது. நோயைப் பற்றிப் பேச மறுத்தவர் காலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கால் தவிப்புக்காக மருத்துவமனைக்கு வரச் சம்மதித்து, மறுநாள் தானாகவே காரில் ஏறினார். ஏறியது பக்கத்து வீட்டுப் பெரியவரின் காரில். கிராப் வாடகைக் கார் பிடித்தால் போய்வர தாயாரின் ஒரு நாள் சம்பளம் பத்தாது என்பதைக் கேள்விப்பட்டு அவரே வந்து நின்றார்.

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டு, ஊசியின் அளவைக் குறைத்துத் திரும்பத் தொடங்கி, விறைப்புக்கு மாத்திரை சேர்த்தார். தானாக வந்தவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதால் வார்டில் சேர்க்கவில்லை. திரும்பிய வாரமே தேசியப் பதிவுத் துறை அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டை முகவரியை மாற்றினோம். இதைவிடப் பயனுள்ள வேலையை அந்த ஆண்டு எங்கள் குழு செய்யவில்லை.

யார் எதைச் செய்வது

மகன் ஓரளவு தெளிந்த பிறகு, அவருடைய வீட்டிலேயே ஒரு கூட்டம் நடந்தது. யாரை அழைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். நாங்கள் சொன்ன பெயர்களில் கோயில் தலைவர் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கோயில் பூசாரி, காலையில் ரொட்டி சானாய் சாப்பிடும் கடையின் உரிமையாளரான அம்மா, மோட்டார் சைக்கிள் பட்டறைக்காரர், பக்கத்து வீட்டுப் பெரியவர், மிஸ்ஸி, நான்: இவ்வளவுதான்.

நோயின் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த விதி. ஊசி தேதியைச் சொல்லலாம். தனக்கு உடம்பு கெடுகிறது என்பதற்கு மூன்று அடையாளங்களை அவரே சொல்ல, நான் ஒரு தாளில் எழுதினேன்: இரண்டு இரவு தூங்காமல் இருப்பது, காலையில் கடைக்கு வராமல் இருப்பது, ஜன்னலில் பேப்பர் ஒட்டுவது. கடைக்கார அம்மாவுக்கு நோயைப் பற்றி எதுவும் தெரியவேண்டியதில்லை. இரண்டு காலை ஆளைக் காணவில்லை என்றால் எனக்கு ஒரு போன், அவ்வளவே. மிஸ்ஸி ஊசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாகத் தாயாருக்கும் எனக்கும் வாட்சாப் அனுப்புவார். அன்று மத்தியானத்துக்குள் வரவில்லை என்றால் நான் வீட்டுக்குப் போவேன். பெரியவர் மருத்துவமனைக்குக் காரோட்டுவார். ஊர்ப் போலீஸ் நிலையத்தில், மகனுடைய சம்மதத்தோடு, தாயாரின் எண்ணையும் என் எண்ணையும் கொடுத்தோம். அழைப்பு வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடப் பார்க்கிறோம் என்றார்கள்.

கேமராவைப் பற்றிப் பெரியவரே பேச்செடுத்தார். அது தன் வாசலோடு தெருவையும் சேர்த்துப் பார்க்கிறது, தன் கேட் மட்டும் தெரியும்படி திருப்பிவிடுகிறேன் என்றார். அப்படிச் செய்தால் மகனுடைய சந்தேகத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாதா என்று எனக்குத் தயக்கம். மருத்துவரைக் கேட்டோம். கேமரா ஒட்டுக் கேட்டது என்று யாரும் சொல்லவேண்டாம், அண்டைவீட்டார் மரியாதைக்காகத் திருப்பினார் என்று உள்ளதைச் சொன்னால் போதும் என்றார். அப்படியே சொல்லித் திருப்பினார்கள். அதன்பின் மகன் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கத் தொடங்கினார்.

தைப்பூசத்தில் வந்த தடங்கல்

2024 தைப்பூசத்துக்கு மகன் ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுப்பதாகத் தாயார் முன்பே வேண்டியிருந்தார். மகனுக்கும் ஆசை. விரதம் இருந்தார், ஒருவேளைச் சாப்பாடு. பூசம் நெருங்கியதும் கோயிலில் இரவு நெடுநேரம் காவடி கட்டும் வேலை, பஜனை. தூக்கம் உடைந்தது. கடைக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது: "சார், தம்பி ரெண்டு நாளா வரல." போய்ப் பார்த்தால், ஜன்னலின் ஒரு கண்ணாடியில் மட்டும் பேப்பர்.

மறுநாளே மருத்துவர் பார்த்தார். வரவிருந்த ஊசியை முன்கூட்டியே போட்டு, சில நாளைக்குத் தூக்க மாத்திரை கொடுத்தார். தூக்கமும் சாப்பாடும் தவறக் கூடாது என்றார். தாயார் கலங்கிப்போனார். வேண்டுதலை விட்டால் குற்றம், தொடர்ந்தால் நோய். இதில் மருத்துவர் சொல்லி ஆகாது, நான் சொல்லியும் ஆகாது. பூசாரிதான் பேசினார்: "வேண்டிக்கிட்டது நீங்கதானேம்மா? நீங்களே பால்குடம் எடுங்க. பையன் தண்ணிப் பந்தல்ல நின்னு மோர் ஊத்தட்டும். அதுவும் முருகனுக்குச் செய்றதுதான்." தாயார் பால்குடம் எடுத்தார். மகன் பந்தலில் பகல் முழுக்க நின்றுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் படுத்தார்.

நம்பிக்கையும் மருந்தும் முட்டிக்கொள்ளும் இடங்களில் பூசாரியை எதிரியாக நினைக்கும் மருத்துவப் பணியாளர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்கு அவரை முன்பே அழைத்திருந்ததால்தான் அந்த வாரம் தப்பியது என்பது என் கணிப்பு. நெருக்கடி வந்த பிறகு போய்க் கேட்டிருந்தால் அவருக்கு விவரம் புரிந்திருக்காது.

தொடர்ந்தவை

மெந்தாரி எனப்படும் சுகாதார அமைச்சின் சமூக மனநல மையம் ஒன்றுக்கு மருத்துவர் பரிந்துரைத்தார். அங்கே வேலைக்குத் துணைநிற்கும் திட்டம் இருக்கிறது. தொழில்வழிச் சிகிச்சையாளர் பட்டறைக்கு நேரிலேயே வந்து முதலாளியிடம் பேசினார். காலை நேரம் மட்டும் வேலை, இரண்டு மணிக்கொரு முறை ஓய்வு, பக்கவிளைவால் கை நடுங்கும் நாள்களில் நுண்ணிய வேலை வேண்டாம் என்று முடிவாயிற்று. பட்டறைக்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கோவம் வந்தா நான் என்ன செய்யணும்?" சத்தம் போடாமல், கூட்டம் சேர்க்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றார் சிகிச்சையாளர். இதுவரை அப்படிக் கூப்பிடவேண்டி வரவில்லை.

அதே ஆண்டு நடுவில் பெரியவருக்குக் கண் அறுவை. காரோட்ட ஆளில்லாமல் மருத்துவமனைத் தவணை தள்ளிப்போனது. அதன்பிறகு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாவது பெயர் ஒன்றைத் தாளில் சேர்த்தோம்.

சிகிச்சை இரண்டாண்டு கடந்ததும் மாற்றுத் திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யலாம் என்றார்கள். தாயார் மறுத்தார். மகன் பல மாதம் யோசித்து, தானே சமூகநலத்துறை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பித்தார்.

இப்போதும் குரல்கள் முழுக்க நிற்கவில்லை. உடல் எடை கூடியிருக்கிறது. சர்க்கரை அளவைக் கிளினிக்கில் கவனிக்கிறார்கள். 2023-க்குப் பிறகு வார்டில் சேரவேண்டிய நிலை வரவில்லை. தாயார் முழுநேரம் வேலைக்குப் போகிறார்.

மாற்றவேண்டியவை

மருத்துவமனையிலிருந்து ஒருவரை அனுப்பும் நாளில், அடையாள அட்டையைப் பார்த்து முகவரி எழுதுவதோடு நிறுத்தாமல், இப்போது எங்கே தூங்குகிறார், யார் போனை எடுப்பார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். நோயாளி சம்மதித்தால் வீட்டுக்கு வெளியே இன்னொருவரின் எண்ணும் வேண்டும். முதல் ஊசிக்கு முன்பே பக்கவிளைவுகளை வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். ஊசியை நிறுத்தினால் முதல் இரண்டு மாதம் நன்றாகத் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த இரண்டு மாதம்தான் குடும்பங்களை ஏமாற்றுகிறது.

தொண்டர்களுக்கும் எல்லை வேண்டும். நடு இரவில் வரும் அழைப்பை ஆசிரியர் ஒருவர் தாங்க முடியாது. சுகாதார அமைச்சின் மனநல உதவி அழைப்பான ஹீல் 15555 எண்ணைத் தாளின் மேற்பகுதியில் இப்போது பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

வேறு இரண்டு குடும்பங்கள் இதேபோல் செய்துதரக் கேட்டிருக்கின்றன. இவருடைய தாளைப் படியெடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில், சிகிச்சையில் இருக்கும் பெண் கோயிலோ கடையோ வேண்டாம், தான் தையல் கற்றுக்கொள்ளும் அக்கா ஒருவர் போதும் என்கிறார். அந்த ஒருவரோடுதான் தொடங்கியிருக்கிறோம்.

எங்களுக்கு இன்னும் பதில் கிடைக்காத கேள்வி தாயாரின் வயது. அவர் வேலையை விட்டதும் கிள்ளானுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இருக்கவே விரும்புகிறேன் என்கிறார் மகன். அடுத்த கூட்டத்துக்கு அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறோம். வாடகையை யார் கட்டுவது என்பதிலிருந்து பேச்சு தொடங்கும்.